மூன்று சக்கரச் சீர்

என் அண்ணன் ஆனந்தராஜ் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த சீரைப் பார்த்ததும், ஐயனார் கோயில் வாசலில் கூடியிருந்தவர்கள் முதல் வேலையாகச் சக்கரத்தைத்தான் எண்ணினார்கள். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. அன்றைக்கு என் மகனுக்குக் காதுகுத்து. பழத்தட்டு, பட்டுத்துணி, இனிப்பு என்று தாம்பாளங்கள் வரிசையாக வர, கடைசியில் மேளக்காரர்களோடு சேர்ந்து அண்ணன் இந்தப் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கறுப்புத் துணி இருக்கை, காற்றடித்த பெரிய டயர்கள், கைப்பிடியில் சைக்கிளுக்கு இருப்பது மாதிரி பிரேக். போதாக்குறைக்குக் கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகை வேறு சுற்றியிருந்தான்.

"என்னப்பா, நாலாவது சக்கரத்த ஏர்போர்ட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கோயில் வாசலே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தான், பாவம்.

சிரிக்காத ஒரே ஆள் என் மதினி பிரகதீஸ்வரி. என் கணவர் எழிலரசனின் அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை என்று எப்போதோ பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். கீரமங்கலத்தில் எங்களுக்கு இருக்கும் மல்லிகைத் தோட்டத்தை ஒரு ஆளாக நின்று ஆளாக்கியவர். வீட்டில் எண்ணெய் வாங்குவதிலிருந்து எனக்கு எந்தச் சேலை நன்றாக இருக்கிறது என்பதுவரை அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"சீருன்னு வர்றது மூணு கால்ல வரலாமா? மூணு ஆகாதுன்னு ஒங்க வீட்டுல ஒருத்தருக்குமா தெரியாது?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது, ஊருக்கே தெரியும். "ஆட்டோவுக்கு எத்தன சக்கரம் மதினி? நம்ம பூ மூட்டை அதுலதான போவுது?"

"ஆட்டோ என்ன தாய்மாமன் சீராவா வந்துச்சு?"

மதினியிடம் அதுதான் தொல்லை. நாம் எடுத்துப்போன கல்லை வாங்கி நம் மேலேயே போட்டுவிடுவார். வண்டி வீட்டுக்கு வந்தது. வாசல்படி குறுகல் என்பதால் உள்ளே நுழையவில்லை. பூ மூட்டைகளோடு தாழ்வாரத்தில் கிடந்தது. மதினி அதைச் சுற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்.

அண்ணன் திரும்பிப் போன பிறகு ஒருநாள் போனில் கூப்பிட்டான். குரலே ஒரு மாதிரி இருந்தது.

"ரம்யா, ஒன்னு சொல்வேன், திட்டக் கூடாது. ரூம்லயே கெடந்த அட்டப்பெட்டியில இருந்த புத்தகத்த இப்பத்தான் ஒரு மலையாளி படிச்சுச் சொன்னான். அது சாதா வண்டி இல்லையாம். பிள்ளைய உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டே ஓடுறவங்களுக்குன்னு செஞ்சதாம். கடையில இருந்ததுலயே பெருசா இருந்துச்சு, எடுத்துட்டேன். நம்ம ஊர்ல பிள்ளையத் தள்ளிக்கிட்டு யாரு ஓடப் போறா? தப்பா வாங்கிட்டேன்டி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தது.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"அண்ணே," என்றேன். "ஒன் வாய்க்குச் சர்க்கரதான் போடணும்."

ஏனென்று சொல்கிறேன். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் நான் பாஸ் ஆகியிருந்தேன். கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்து எழுதிய பரீட்சை அது. அடுத்தது உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டர் ஓட்டத்தை நேரத்துக்குள் முடித்தால்தான் மற்றதெல்லாம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அறந்தாங்கி மைதானத்தில் எனக்கு முன்னால் ஓடியவர்கள் குறைவு. ஆனால் அது அந்த ரம்யா. இந்த ரம்யாவுக்கு ஆபரேஷன் ஆன வயிறு, பஸ்ஸைப் பிடிக்கப் பத்தடி ஓடினால் இளைப்பு. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். இப்போது விட்டால் விட்டதுதான்.

பயிற்சி எடுக்கத் தோதான நேரம் விடியற்காலை. பூ விவசாயிகள் வீட்டில் அந்த நேரத்தில் ஒருத்தர் கூட இருக்க மாட்டார்கள். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மதினியும் என் கணவரும் இருட்டோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்து மார்க்கெட்டில் சேர்த்தால்தான் பூ, இல்லையென்றால் குப்பை. அக்கம்பக்கத்து வீடுகளும் அப்படித்தான். பிள்ளையை யாரிடம் விட்டு ஓடுவது? வெயில் ஏறிவிட்டால் என்னால் முடியாது. சாயங்காலம் ஆனால் பையன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். அவனுக்குச் சான்றிதழில் நிகிலன் என்று பெயர், வீட்டில் குலசாமி பேரான ஆண்டியப்பன். கூப்பிடுவது ஆண்டி. பெயர்தான் ஆண்டி, அழுகையில் ராஜா. கொசு உட்கார்ந்தால் ஒரு அழுகை, அந்தக் கொசு பறந்து போனால் இன்னொரு அழுகை.

ஆக, எனக்கு இருந்த ஒரே வழி தாழ்வாரத்தில் மூன்று சக்கரத்தோடு நின்றது.

சும்மா சொல்லக் கூடாது, நானும் யோசிக்காமல் இறங்கவில்லை. அந்தப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் படம் பிடித்து அனுப்பும்படி அண்ணனிடம் சொன்னேன். கழுத்து நிற்காத பிள்ளையை வைத்து ஓடக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஆலங்குடியில் பிள்ளைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஆண்டியை மேஜையில் உட்கார வைத்து, முதுகைத் தடவிப் பார்த்து, "நல்லா உக்கார்றான். சமமான ரோட்டுல மெதுவா ஆரம்பிங்க, பெல்ட்டைப் போடாம மட்டும் ஓடாதீங்க" என்றார். கொத்தமங்கலம் போகிற சாலை புதிதாகத் தார் போட்டது, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு நிழல். மணலில் இந்த வண்டி புதையும், தோட்டத்துக்குள் போகாது, பஸ்ஸில் ஏற்ற முடியாது. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் எனக்கு இது வேண்டும்.

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எல்லா நல்ல மனுஷர்களையும் போல, இரண்டு பேருக்கும் தலையாட்டுவார்.

"நான் பாத்துக்கிறேன், நீ அக்காகிட்ட வாயக் குடுக்காத" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். மறுநாள் மத்தியானம் வண்டியைக் காணோம். சாயங்காலம் டி.வி.எஸ். மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். ரத்தினவேலின் வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறார். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரும்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, யார் வீட்டுப் பழைய பிள்ளைச் சைக்கிளிலிருந்தோ எடுத்த இரண்டு குட்டிச் சக்கரங்களை அதில் பற்றவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கம்பிக்குப் பச்சைப் பெயின்ட் வேறு.

"நாலாயிருச்சு!" என்றார், முகமெல்லாம் பல்லாக. "அக்காவுக்கும் மனசு நெறஞ்சிச்சு. ஒனக்கும் வண்டியாச்சு."

மதினி வெளியே வந்து எண்ணிப் பார்த்தார். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

நான் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் முட்டி நின்றது. மறுபடி திருப்பித் தள்ளினேன். மறுபடி தொட்டி.

அன்றைக்கு நான் கத்திய கத்து தெருமுனைவரை கேட்டதாம். "ஓடுறதுக்குன்னே செஞ்ச சக்கரத்தப் புடுங்கிப்புட்டு, தவழ்ற சக்கரத்த மாட்டிக் கொண்டாந்திருக்கீங்களே! ஒரு வார்த்த கேட்டா வாய் நோவுமா? எங்க அந்தச் சக்கரம்?"

அவர் முகம் வாடிவிட்டது. "ரத்தினவேலு வச்சுக்கிட்டான்" என்றார்.

அவரையும் ஆண்டியையும் கூட்டிக்கொண்டு அந்த நிமிஷமே பட்டறைக்குப் போனேன். ரத்தினவேல் தலையைச் சொறிந்தார். கம்பங்கூழ் விற்கிற பிச்சை தன் தள்ளுவண்டிக்கு முன்சக்கரம் கேட்டுக்கொண்டே இருந்தாராம், நல்ல சக்கரமாக இருக்கிறதே என்று அவருக்கு மாட்டிக் கொடுத்துவிட்டாராம். கடைத்தெருவுக்கு ஓடினோம். பிச்சையின் கூழ்வண்டிக்கு முன்னால் என் பிள்ளையின் சீர் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. நாலு பேர் நின்று சொம்பும் கையுமாகக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, அதக் கழட்டுனா வண்டி குப்புற வுழுந்துரும் தாயி, பானை நெறைய கூழு இருக்கு" என்றார் பிச்சை.

"அப்ப பானை காலியாவுற வரைக்கும் நிப்போம்" என்று பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் கூழ் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். குடித்தார், குடித்தார், பானை சீக்கிரம் காலியாகட்டும் என்று வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பொழுது இருட்டும்போது சக்கரத்தோடு வீட்டுக்கு வந்தோம். பச்சைக் கம்பியை அவரே அறுத்து எடுத்தார்.

மதினி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சக்கரக் கணக்கை விட்டுவிட்டார் என்பதை அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அவர் மனதில் கிடந்ததே வேறு.

"ஏ ரம்யா, மூணோ நாலோ, அது கெடக்கட்டும். நீ ஓடு, வேணாங்கல. ஆனா பச்சப் புள்ளைய அதுல போட்டுக் குலுக்கிக்கிட்டு ஓடப் போறேங்கிறியே, அவன் பயந்து போனா யாரு பொறுப்பு? நாளைக்கி முகூர்த்த நாளு, பூவோட மார்க்கெட்டுக்குப் போறோம். நீ எங்க கூட ஓடி வா. தோட்டத்துலேருந்து மார்க்கெட்டு வரைக்கும் நான் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாரேன். ஒரு தரம் அழுதான்னு வையி, வண்டி பரண் மேல ஏறும். சரியா?"

ஆண்டி அழாமலா? ஆனால் வாய் சும்மா இருக்குமா? "சரி மதினி" என்றுவிட்டேன்.

விடிகிற நேரம். தோட்டத்து வாசலில் மொபெட்டின் முன்னால் பூ மூட்டை, நடுவில் என் கணவர், பின்னால் மதினி ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு முழு முகத்தையும் ஆண்டியின் பக்கம் திருப்பியிருந்தார். ஆண்டிக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, தோளிலும் இடுப்பிலும் பெல்ட்டை மாட்டினேன். முன்சக்கரம் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பாமல் இருக்கப் பூட்டைத் தள்ளினேன். வண்டியோடு சேர்ந்த வாரை என் மணிக்கட்டில் போட்டுக்கொண்டேன். ஐயனாரே, இவன் வாயை மட்டும் மூடிவை என்று வேண்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

ஆண்டி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் எனக்கு அவன் முகம் தெரியவில்லை. மதினியின் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தோட்டங்களில் பூ பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏய், எங்கடி ஓடுற? புருசன் வெரட்டுறானா?" என்று ஒருத்தி கத்தினாள். "இல்லக்கா, நாத்தனா வெரட்டுறாக!" என்று நானும் கத்தினேன். மதினிக்கு உதடு லேசாகக் கோணியது. அடக்கிக்கொண்டார்.

வேகத்தடை வந்தது. கைப்பிடியை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றி இறக்கினேன். சத்தமில்லை. ஒரு நாய் குரைத்துக்கொண்டு கூடவே வந்து அதுவாகவே சலித்துப் போய் நின்றது. சத்தமில்லை. திடீரென்று தோப்பிலிருந்து ஆட்டுக்கூட்டம் ஒன்று ரோட்டில் இறங்கியது. பிரேக்கைப் பிடித்தேன். ஒரு கிடா வந்து ஆண்டியின் முகத்துக்கு நேராக மூக்கை நீட்டியது. போச்சு என்று நினைத்தேன். மதினி மொபெட்டில் இருந்து பாதி இறங்கிவிட்டார். ஆண்டி கிடாவைப் பார்த்து "ஆ!" என்றான். அழுகை இல்லை, அதட்டல். கிடா ஒதுங்கிப் போனது. என் கணவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, அக்கா பின்னால் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு நெஞ்சு எரிந்தது, கால் கனத்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தேன். எத்தனை காலத்துக்குப் பிறகு! காற்று முகத்தில் அடிக்க, என் பிள்ளை எனக்கு முன்னால் போக, என் காலே எனக்குத் திரும்பிக் கிடைத்த மாதிரி இருந்தது. பூ மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தி, மணிக்கட்டு வாரைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி, "மதினி!" என்று கத்தினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஆண்டி வீலென்று அழ ஆரம்பித்தான்.

சாதாரண அழுகையா அது? ஏலம் கூறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மதினி இறங்கி வந்தார். "அழுதுட்டான்" என்றார்.

"நிறுத்துனதுக்கு அழுவுறான் மதினி!"

"எதுக்கு அழுதா என்ன, அழுதா அழுததுதான். பேச்சு பேச்சா இருக்கணும்."

வாதாடக்கூட மூச்சில்லை. மதினி குனிந்து, "வாடா எஞ்சாமி" என்று அவனைத் தூக்கப் பார்த்தார். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. இழுத்துப் பார்த்தார். பையன் இன்னும் கத்தினான். வழியில் பூக்கூடைகளோடு ஆட்கள் நின்றார்கள், ஒதுங்கலாம் என்று மதினியே கைப்பிடியைப் பிடித்து வண்டியை நகர்த்தினார். அழுகை நின்றது. மதினி நின்றார். அழுகை வந்தது. மதினி என்னைப் பார்த்தார். மறுபடி நாலடி தள்ளினார். அமைதி. கன்னத்தில் கண்ணீரோடு பையன் அண்ணாந்து பார்த்து ஈயென்று சிரித்தான். நின்றார். வீல்!

"அட, தள்ளுங்கக்கா, காது கிழியுது!" என்றார் ஒரு கமிஷன் கடைக்காரர்.

மதினி தள்ளினார். சம்பங்கி மூட்டைகளைச் சுற்றி, தராசுகளைத் தாண்டி, மார்க்கெட்டின் அந்தக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். வரும்போது நடை கொஞ்சம் வேகமாகியிருந்தது. என் எதிரே வந்து நின்றால் அழுவானே என்று நிற்காமலேயே என்னைக் கடந்து போய்க்கொண்டு சொன்னார்:

"நாளைக்கி சீக்கிரம் எந்திரிச்சு ஓடுடி. இன்னைக்கி ஆமை மாதிரி ஓடுன."

அதற்குப் பிறகு ஓட்டமோ ஓட்டம். மழை பெய்தாலொழிய நிறுத்தவில்லை. ஆண்டி சில நாள் தூங்கிவிடுவான், சில நாள் ஆடுமாடுகளையெல்லாம் அதட்டிக்கொண்டு வருவான். வேகமாக ஓட வேண்டிய பயிற்சிக்கு, மதினி பூப் பறிப்பைக் கொஞ்சம் முன்னதாக முடித்துக்கொண்டு வந்து பையனை வாங்கிக்கொண்டார். வண்டியோடு ஓடிப் பழகிய காலுக்கு, வண்டியில்லாமல் ஓடினால் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போல இருந்தது. வயிறு இறுகியது. மூச்சு என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

உடல்தகுதித் தேர்வு புதுக்கோட்டை ஆயுதப்படை மைதானத்தில். பூ ஏற்றிப் போகிற வேனில் வண்டியையும் மடித்துப் போட்டுக்கொண்டு மதினியும் ஆண்டியும் நானும் போனோம். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். "போ, திரும்பிப் பாக்காத" என்று மதினி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

விசில் ஊதியது. என் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சின்னப் பெண்கள், மான்குட்டிகள். முதல் வளைவில் என்னைத் தாண்டிச் சரசரவென்று போனார்கள். போகட்டும் என்று என் வேகத்தில் ஓடினேன். எதிர்ப்பக்கத்து நேரான தடத்தில் ஒருத்தியைப் பிடித்தேன், பிறகு இன்னொருத்தியை. கடைசி வளைவில் தொடை கல்லாகிவிட்டது. ஆபரேஷன் போட்ட இடம் சுருக்கென்றது. இப்போது நின்றால் இனி வாழ்க்கையில் எதற்காகவும் யாரும் என்னை ஓடச் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது. நின்றுவிடுவேனா நான்? பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தேன். கடிகாரம் பிடித்திருந்த பெண் போலீஸ் என் எண்ணைப் பார்த்து, "தகுதி. எந்திரிம்மா" என்றார். எழுந்திருக்காமல் தரையிலேயே கிடந்து அழுதேன். மற்றச் சுற்றுகளையும் முடித்து வெளியே வரும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

கேட்டருகே மதினி இல்லை. சுற்றுமுற்றும் தேடினேன். மதில் சுவரை ஒட்டிய வேப்பமர நிழலில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை வழிய, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். காத்திருந்த ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. என்னைக் கண்டதும் பிரேக்கைப் பிடித்தார்.

"என்னடி ஆச்சு?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

மதினி வாயருகே கையை வைத்துக் குலவை போட்டார். ஆயுதப்படை வாசலில், துப்பாக்கியோடு நின்ற காவலர் திடுக்கிட்டுத் திரும்ப, எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போது போடுகிற அதே குலவை. ஒன்று போட்டு ஆறவில்லை, மூன்று முறை போட்டார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "நம்ம வீட்டுல போலீசுடி! நம்ம வீட்டுல!" என்று என் தோளெல்லாம் நனைத்துவிட்டார். நானும் அழுதேன். நின்றுவிட்ட கோபத்தில் ஆண்டியும் அழுதான்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியை வாங்கினேன். முன்சக்கரத்தின் பூட்டைத் தள்ளினேன்.

"எங்கிட்டுடி போற? அதான் பாஸாயிட்டீல்ல?"

"சும்மாதான் மதினி. ஒரு சுத்து."

"பைத்தியமாடி ஒனக்கு? வேன்காரன் கத்துவான்!"

நான் ஓட ஆரம்பித்திருந்தேன். விசில் ஊத ஆள் இல்லை, கடிகாரம் பிடிக்க ஆள் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஓட வேண்டும் போல இருந்தது, ஓடினேன். மதில் திரும்புகிற இடத்தில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மதினி சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.